தரைக்குக் கீழே ஓடிய பைப்: கும்பகோணத்து லாட்ஜ் ஒன்றில் கார் சார்ஜிங் வசதி செய்த கதை

கருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் லாட்ஜ் முதலாளி பேச ஆரம்பித்தார். அதில் ஒரு துளை மட்டும் உருகி, மெழுகு வழிந்த மாதிரி இறுகிக் கிடந்தது. சென்னையிலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வந்த ஒரு குடும்பம், முதல் மாடி அறையில் ஏசி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜன்னல் வழியாக வயரை இறக்கி, கீழே நின்ற எலக்ட்ரிக் காருக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கருகல் வாடை அடித்து வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பார்த்ததால் தப்பியது.

"அவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம் தம்பி? சார்ஜ் போட இடமில்லேன்னா எங்க போவாங்க? 2028-ல மகாமகம் வருது. அதுக்குள்ள கீழ பார்க்கிங்ல ஏதாவது பண்ணிக் குடுங்க" என்றார்.

அந்தப் பாக்ஸ் ஏன் உருகியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரோடு வரும் சாதாரணச் சார்ஜர் 3.3 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 14 ஆம்பியர். கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் அவ்வளவு இழுக்காது, கொஞ்ச நேரத்தில் நின்றும்விடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்துபோன பிளக் துளையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ராத்திரி முழுக்க பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்ததற்குச் சமம்.

நான் கும்பகோணத்தில் மின் ஒப்பந்த வேலை செய்கிறவன். இந்த வேலையில் பாதியை இரண்டு தடவை செய்ய வேண்டிவந்தது. தப்பு என்னுடையது. டெல்டாவில் இதே வேலையில் இறங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டுமே என்று எழுதுகிறேன்.

கட்டடம்

சாலையிலிருந்து சரிவுப் பாதையில் இறங்கினால் நான்கடி ஆழத்தில் கீழ்த்தளம். கோடு போட்டு 36 கார் நிறுத்தலாம். மேலே ரிசப்ஷனும் கல்யாண ஹாலும், அதற்கு மேல் 24 ஏசி அறைகள். கீழ்த்தளத்தின் ஒரு பக்கச் சுவரில் சாலை மட்டத்துக்குமேல் கம்பி போட்ட திறப்பு இருப்பதால் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. பின்சுவருக்கு அப்பால் ஒரு வாய்க்கால். நான் முதலில் பார்க்கப் போனது ஏப்ரலில். வாய்க்காலில் குப்பையும் வெடித்த மண்ணும்தான் இருந்தன. மெயின் பேனல் போர்டு மாடிப்படிக்கு அடியில், கீழ்த்தளத்திலேயே. அதைச் சுற்றிக் கல்யாண ஹாலின் பிளாஸ்டிக் நாற்காலிகள், அண்டாக்கள், மூட்டை கட்டிய பந்தல் துணி.

எத்தனை, எவ்வளவு வேகம்

முதலாளி 36 இடத்துக்கும் சார்ஜர் கேட்டார். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜரை எல்லா இடத்திலும் வைத்தால் 266 கிலோவாட் ஆகிறது. லாட்ஜுக்கு இ.பி.யில் அனுமதித்த சுமை 92 கிலோவாட். மிச்சத்துக்கு எச்.டி. எனும் உயர் அழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர், அதற்கு ஒரு இடம் என்று வேலை வேறு எங்கோ போய்விடும். கணக்கைப் பார்த்ததும் அவரே, "சரி, வேற வழி சொல்லுங்க" என்றார்.

வழியை வாடிக்கையாளர்களின் கடிகாரம்தான் காட்டியது. நவக்கிரகம் சுற்ற வருகிறவர்கள் ராத்திரி எட்டு மணிவாக்கில் வந்து இறங்கி, விடியற்காலை ஐந்து மணிக்குத் திங்களூருக்கோ சூரியனார்கோயிலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கார் ஒன்பது மணி நேரம் சும்மா நிற்கிறது. 3.3 கிலோவாட்டில் ஒன்பது மணி நேரம் என்றால் சுமார் 30 யூனிட். வழியில் ஆகும் இழப்பைக் கழித்தாலும் 26, 27 யூனிட் பேட்டரியில் சேரும். முதலில் வந்த நெக்ஸான் எலக்ட்ரிக் காரின் பேட்டரியே 30.2 யூனிட்தான். டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு அளவு. ஆகத் தங்குகிறவர்களுக்கு மெதுவான பாயின்டே தாராளம். அரை மணியில் ஏற்றும் டி.சி. சார்ஜர் ஹைவே ஓட்டலுக்குச் சரி. லாட்ஜுக்கு அதை வைப்பது, ராத்திரி ஊறவைத்துக் காலையில் அரைக்கிற மாவுக்கு மில் மோட்டார் வாங்குவது மாதிரி.

2019 பிப்ரவரியில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங் இடத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று சேர்த்தது. இந்தக் கட்டடம் பழையது, அதனால் கட்டாயம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டுமே. 36-ல் 20 சதவீதம் 7.2. எட்டு என்று வைத்துக்கொண்டோம்: 3.3 கிலோவாட் பாயின்ட் ஆறு, அவசரக்காரர்களுக்கு 7.4 கிலோவாட் சார்ஜர் இரண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 34.6 கிலோவாட்.

அந்த 34.6-க்கு இடம் இருக்கிறதா? ஊகிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மெயினில் சுமையைப் பதிந்துகொண்டே இருக்கும் லாகர் மாட்டி, இரண்டு முகூர்த்தம் உள்ளே வருகிற மாதிரி பதினைந்து நாள் ஓடவிட்டோம். கல்யாண வரவேற்பு நடந்த ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை சுமை 81 கிலோவாட் தொட்டது. பதினொன்றுக்கு மேல் எந்த நாளிலும் 50-ஐத் தாண்டவில்லை. நள்ளிரவுக்கு மேல் வேண்டிய இடம் இருக்கிறது, முன்னிரவில்தான் நெருக்கடி.

வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர் இன்னொரு விஷயத்தைக் காட்டியது. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸில் 96 ஆம்பியர் ஓடும்போது மற்ற இரண்டிலும் 60-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. முதல் மாடி ஏசி அத்தனையையும் எப்போதோ ஒருவர் ஆர் ஃபேஸிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் இரண்டு பெரிய சார்ஜர்களை ஒய்யிலும் பி-யிலும் போட்டு, சின்ன பாயின்டுகளை ஃபேஸுக்கு இரண்டாகப் பிரித்தேன். காசு செலவில்லாத வேலை இது ஒன்றுதான். செய்யாமல் விட்டிருந்தால் சார்ஜிங் வந்த முதல் வாரமே நியூட்ரல் வயர் சூடேறியிருக்கும்.

முன்னிரவு நெருக்கடிக்கு 7.4 சார்ஜரிலேயே மருந்து இருக்கிறது. காரில் சொருகும் அதன் டைப் 2 கன்னுக்குள் மின்சாரம் போகும் தடித்த கம்பிகளோடு, பேச்சுக்கு என்றே ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. அதில் நொடிக்கு ஆயிரம் தரம் ஏறி இறங்கும் ஒரு துடிப்பு ஓடும். ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் ஏறி நிற்கிறது என்பதைக் காருக்குள் இருக்கும் சார்ஜர் படித்து, அந்த அளவுக்குமேல் இழுக்காது. 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர், 27 என்றால் 16, 10 என்றால் 6. மெயினில் ஓடும் ஆம்பியரை அளக்க ஒரு சி.டி. மாட்டிச் சார்ஜரோடு இணைத்துவிட்டால், ஹாலில் ஏசி ஏற ஏற அது காரைப் பார்த்து "கொஞ்சம் மெதுவா குடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 3.3 கிலோவாட் மூன்று பின் பாயின்டுக்கு இந்தப் பேச்சு கிடையாது. காரோடு வரும் கேபிளுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆறையும் கான்டாக்டர் என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒன்றில் கட்டி, மொத்தச் சுமை 85-ஐத் தொட்டால் விடுபட்டு, இறங்கியபின் தானாகச் சேரும்படி வைத்தோம்.

ஜெனரேட்டர் ஓடும்போது எட்டும் ஆஃப். முதலாளிக்கு இதில் ஒரு மனக்குறை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதும் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை அவர் மறக்கவில்லை. "அந்த மாதிரி வந்தா வண்டிக்காரன் ஊர் போய்ச் சேர வேணாமா?" நியாயமான கேள்வி. சாவி போட்டுத் திருப்பினால் மட்டும் ஜெனரேட்டரில் ஓடுகிற மாதிரி ஒரே ஒரு பாயின்டுக்கு வழி விட்டேன்.

பைப்

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. வயர் போகிற வழியில்தான் கோட்டை விட்டேன்.

எட்டு பாயின்டும் நடுத்தூண் வரிசையில். மேலே சுவரோரமாகச் சுற்றிப் போனால் கடைசிப் பாயின்டுக்கு 40 மீட்டர். தரையை வெட்டிக் குறுக்கே போனால் 25. எப்படியும் தரையில் பழைய சிமென்ட் பெயர்ந்து புதுசாகப் போடுகிற வேலை இருந்தது. "தரைக்கு அடியிலயே பைப் போட்டு மூடிடலாம் சார், பார்க்கவும் நல்லா இருக்கும்" என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டினேன். மீதி 28 இடத்துக்கும் பின்னால் உதவட்டும் என்று 50 மில்லி பி.வி.சி. பைப்பாகப் போட்டு, உள்ளே இழுகம்பி விட்டு, மேலே கான்கிரீட்டும் போட்டாயிற்று. மே மாதம். பளிங்கு மாதிரி தரை.

ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். கல்லணை தாண்டி ஊருக்குள் காவிரியிலும் அரசலாற்றிலும் தண்ணீர் வந்து, பின்சுவர் வாய்க்காலும் நிறைந்தது. ஆடிப்பெருக்குக்கு நாங்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, லாட்ஜ் கீழ்த்தளத்தில் கசிவுத் தண்ணீரை இறைக்கும் சம்ப் மோட்டார் மட்டும் அடிக்கடி ஓட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊரில் நான்கடி பள்ளம் என்பது, தண்ணீர் வரும் மாதங்களில் கிணற்றின் முதல் உறை மாதிரி. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததில்லை. ஏப்ரலில் பார்த்த காய்ந்த வாய்க்கால் கண்ணை மறைத்துவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கேபிள் இழுக்கப் போனோம். பையன் இழுகம்பியைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. இன்னொரு ஆளும் சேர்ந்து இழுத்தார். 'களக்' என்று ஒரு சத்தம். பைப் வாயிலிருந்து கலங்கல் தண்ணீர் முதலில் கொஞ்சமும் பிறகு ஒரு குடம் அளவும் வந்தது. கம்பி நுனியில் களிமண் உருண்டை, அதில் விரல்நகம் அளவு நத்தை ஒன்று. கான்கிரீட் போடும்போது எங்கேயோ ஒரு பைப் மூட்டு சாக்கெட் ஒட்டாமல் விட்டுப்போயிருக்கிறது. அது எங்கே என்று இனிமேல் எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது.

இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள் ஈரத்தைத் தாங்கும்தானே, அப்படியே இழுத்துவிடலாமே என்று என் ஆட்களே கேட்டார்கள். கேபிள் தாங்கும். அதன் இரண்டு முனைகளும் தாங்காது. பைப் வழியாக ஏறுகிற ஈரம் கேபிள் நுழையும் கிளாண்டில் புகுந்து, பாக்ஸுக்குள் ஆவியாகித் தங்கி, வயர் நுனியில் இருக்கும் லக்கைப் பச்சை பூக்க வைக்கும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மழையில், மின்கசிவு வந்தால் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காரணமில்லாமல் விழ ஆரம்பிக்கும். அப்புறம் தொல்லை பொறுக்காமல் யாராவது ஒருவர் அதை பைபாஸ் செய்துவிடுவார். நான் பயப்படுவது அந்த ஒருவருக்குத்தான்.

முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, பைப்பை மறந்துவிடலாம், கூரையோரமாக ட்ரே போட்டு அதில் கேபிளைக் கொண்டுபோகலாம், ட்ரே செலவில் பாதி என் கணக்கு என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காவேரிக்குக் கீழ வயர் ஓட்டப் பாத்தீங்களா தம்பி" என்று மட்டும் கேட்டார்.

மேலே

இரண்டாவது தடவை வாட்ச்மேனிடம்தான் முதலில் போனேன். இருபது வருடமாக அங்கே இருக்கிறவர். படிக்குப் பக்கத்துத் தூணில் பெயிண்டுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். ஒரு ஐப்பசி மழையில் தண்ணீர் அங்கே வரை நின்றதாம். டேப் வைத்துப் பார்த்தேன்: 60 சென்டிமீட்டர். மத்திய மின்சார ஆணைய விதிப்படி சார்ஜிங் சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். விதிக்கே இருபது சென்டிமீட்டர்தான் மிச்சம். 120-ல் வைத்தோம்.

கூரையை ஒட்டி ஜிங்க் பூசிய கேபிள் ட்ரே. தூணுக்குத் தூண் இறக்கம். பாக்ஸுக்குள் கேபிள் மேலிருந்து நேரே நுழையாது. பாக்ஸைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்கி, வளைந்து, அடிப்பக்கமாக ஏறும். கூரை கசிந்தால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வழி நீண்டதால் வயரும் தடித்தது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 16 ஆம்பியர் 40 மீட்டர் போனால் கிட்டத்தட்ட 6 வோல்ட் விழும், 6 சதுர மில்லியில் 4. பெரிய சார்ஜருக்கு 10 சதுர மில்லி போட்டோம், 32 ஆம்பியரிலும் 5 வோல்ட்டுக்குள் நின்றது. ஆர்மர்டு கேபிளை இங்கேயும் விடவில்லை. காரணம் எலி. அறுவடை முடிந்தால் வயல் எலி ஊருக்குள்தானே வரும்.

மாடிப்படிக்கு அடியிலிருந்த மெயின் பேனலைத் தரைத்தளத்துக்கு ஏற்றினோம். மொத்த வேலையில் செலவு அதிகம் பிடித்தது இதுதான், ஒன்றரை நாள் லாட்ஜை இருட்டாக்கியதும் இதுதான். சார்ஜர் கம்பெனிக்காரர்கள் யாருடைய விலைப்பட்டியலிலும் இந்த வரி இருக்காது. சம்ப்பில் மோட்டாருக்கான ஃப்ளோட்டுக்கு மேலே இன்னொரு ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் தரைமேல் ஏறினால் கீழ்த்தளச் சார்ஜிங் முழுவதையும் அது வெட்டிவிடும்.

ஆர்.சி.சி.பி. வாங்கப் போன இடத்தில் இன்னொரு பாடம். விதி சொல்வது ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியருக்குள் விழும் பாதுகாப்பு, அதுவும் குறைந்தது டைப் ஏ. கடைக்காரர் எடுத்து வைத்த எட்டும் வீடுகளுக்குப் போடும் ஏசி டைப். அதன் முகப்பில் ஒரே ஒரு அலைக்கோடு இருக்கும். டைப் ஏ-யில் அதற்குக் கீழே பாதி அலைகள் வரிசையாக இருக்கும். கார் சார்ஜர் உள்ளே ஏசியை டி.சி. ஆக்குகிறது, அங்கே கசிவு வந்தால் அது நேர் அலையாக வராது, வீட்டு வகை அதைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு நான்கு நாள் காத்திருந்தோம்.

எர்த்தை ஆகஸ்டில் அளந்தால் யாருக்கும் திருப்தியாகத்தான் இருக்கும். நம் களிமண் நனைந்திருக்கும்போது அருமையான எர்த். சித்திரை வெயிலில் அதே மண் சுருங்கி, கம்பியை விட்டு விலகி, சுற்றிலும் கை நுழையும் இடைவெளி விடும். இரண்டு புதுக் குழி போட்டு மழையில் அளந்தபோது 1.8 ஓம், அடுத்த மே மாதம் அதே குழி 4.6 காட்டியது. அதனால் என் ஏட்டில் மே அளவைத்தான் எழுதுகிறேன்.

தீ பற்றி முதலாளிக்குப் பயம் இருந்தது. எட்டு இடத்தையும் படியிலிருந்து தள்ளி, சரிவுப் பாதைக்கும் திறந்த கம்பிச் சுவருக்கும் பக்கத்தில் மாற்றியதில் பாதிப் பயம் தீர்ந்தது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் மூடி அணைக்க முடியாது. நிறையத் தண்ணீரை நெடுநேரம் அடித்துச் சூட்டை இறக்க வேண்டும். வண்டியை வெளியே இழுக்க வழி இருந்தால்தான் தீயணைப்பு ஆட்கள் வேலை செய்ய முடியும். நாற்காலியும் பந்தல் துணியும் மொட்டைமாடிக்குப் போயின. இதற்கு மூன்று தடவை சண்டை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்குப் பிறகும் அவை தானாகக் கீழே இறங்கி வந்துவிடும்.

காசு வாங்கலாமா என்ற சந்தேகத்துக்கு 2018 ஏப்ரலிலேயே மத்திய மின் அமைச்சகம் பதில் சொல்லிவிட்டது: காருக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சாரம் விற்பதாகாது, சேவை, உரிமம் தேவையில்லை. பாயின்டுக்கு ஒரு சப் மீட்டர் வைத்து அறை பில்லோடு சேர்த்துக்கொள்கிறார்கள். தங்காத வெளி ஆட்களுக்கும் திறக்கப் போகிறோம் என்றால் சார்ஜிங்குக்கு என்றே இ.பி.யில் தனி இணைப்பு எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓடிய பிறகு

முதல் ஐப்பசியிலேயே ஃப்ளோட் ஒரு தரம் வேலை செய்தது. ராத்திரி இரண்டு மணி, பாதாளம் வரை கேட்கிற மாதிரி மழை, தரையில் கணுக்கால் தண்ணீர், எட்டும் ஆஃப். நான்கு கார் நின்றிருக்கிறது. காலையில் டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் திருநள்ளாறு போய்த் திரும்பும் அளவுக்குத்தான் ஏறியிருந்தது. "கரண்டு இருந்துச்சு, லைட் எரிஞ்சுச்சு, எங்களுக்கு மட்டும் ஏன் நிறுத்தினீங்க?" என்று அவர் கேட்டதற்கு ரிசப்ஷன் பையனால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது அங்கே ஒரு போர்டு வைத்திருக்கிறோம்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஸ்கூட்டர்களை. சமையல்காரர், ரூம் பையன்கள் என்று ஆறு பேரிடம் பேட்டரி வண்டி இருக்கிறது. சிலது கழற்றுகிற பேட்டரி. அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை மிக்ஸி பாயின்டில் மாட்டியிருந்தார்கள். இரண்டு வண்டியில் பழைய லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அடுப்புப் பக்கத்தில் ஆகவே ஆகாது. சரிவுப் பாதை ஓரம் கம்பிச் சுவரை ஒட்டி ஆறு சின்ன பாயின்ட் போட்டுக் கொடுத்தேன். ஆறும் சேர்ந்து ஓடினால்கூட ஒரு 7.4 சார்ஜர் அளவுக்கு வராது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மீதி 28 இடங்களுக்கும் ட்ரே தலைக்குமேல் போகிறது, தூண்களில் மூடி போட்ட வெற்றுப் பாக்ஸ் இருக்கிறது, பேனலில் இடம் விட்டிருக்கிறது. கார் வர வர வயர் இறக்கினால் போதும்.

தரைக்குள் போட்ட பைப்புகளின் வாய்களைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. பின்சுவர் ஓரம் ஒன்றை மட்டும் மூடி போட்டு விட்டு வைத்திருக்கிறேன். ஜூன் 12-க்குப் பிறகு வாரம் ஒரு தரம் வாட்ச்மேன் அதில் தென்னங்குச்சி விட்டுப் பார்த்து, ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்குப் போன் செய்கிறார்.